ஒரு வருஷம் ஆச்சு, சபையில எழுந்து நின்னு என்ன சொல்றது?

இந்த தடவ என் கிட்ட ஆலோசனை கேட்டு வந்த லெட்டர் எட்டு பக்கம், கையில எழுதி ஃபோட்டோ புடிச்சு அனுப்பியிருக்காங்க. பேரு, சபை, அனுப்பி வச்ச ஊழிய ஸ்தாபனம் எதையும் இங்க சொல்லல. ஆள் யாருன்னு தெரிஞ்சிடக்கூடாதுன்னு சின்ன சின்ன விவரத்த மாத்தியும் இருக்கேன், அவங்க கிட்ட கேட்டுட்டு தான்.

காட்பாடி பக்கம் வீடு. வயசு 38. வேலூர்ல 12 வருஷம் ஸ்டாஃப் நர்ஸா இருந்தவங்க. வீட்டுக்காரர் லேப் டெக்னீஷியன். ஒரு கன்வென்ஷன் கூட்டத்துல அவருக்கு வெளிநாட்டு ஊழியத்துக்கு அழைப்பு வந்துச்சு, அதாவது கடவுளே போகச் சொல்றார்னு மனசுல பட்டுச்சு, ரெண்டு வருஷம் ஜெபம் பண்ணி, பேசி, அழுது, கடைசியில வேலைய ரிசைன் பண்ணிட்டு குடும்பமா ஆப்பிரிக்காவுல மலாவிக்கு போய்ட்டாங்க. தலைநகர் லிலோங்வேயில இருந்து நாலு மணி நேரம் உள்ள தள்ளி ஒரு மிஷன் ஆஸ்பத்திரி. பையனுக்கு 13, பொண்ணுக்கு 6. இங்க சொந்த சபையும் கொஞ்சம் குடும்பங்களும் மாசா மாசம் காணிக்கை அனுப்பி தாங்குறாங்க. ஒரு வருஷம் முடிஞ்சு ஆறு வாரம் லீவுல இப்ப ஊர்ல இருக்காங்க.

அவருக்கு அங்க போன மறுநாளே வேல இருந்துச்சு, லேப்ல அந்த ஊர் பசங்களுக்கு சொல்லிக்குடுக்கறார், ஆளே பத்து வயசு கொறஞ்சிட்டார்னு எழுதுறாங்க. இவங்களுக்கு மனைவிங்கற விசா தான், வேலை பாக்க பர்மிட் இல்ல. சும்மா உக்கார முடியாம பிரசவ வார்டுல சம்பளம் இல்லாம உதவி பண்றாங்க. பையனுக்கு பாடம் இவங்க தான் எடுக்கணும், அதுக்கு நெட் வேணும், கரண்டு வேணும், ரெண்டும் சேந்து இருக்கற நாள் கம்மி. ஜனவரியில பொண்ணுக்கு மலேரியா வந்து ரெண்டு நாள் உயிர கையில புடிச்சிக்கினு இருந்திருக்காங்க. அதுக்கப்புறம் அந்த குழந்தை மறுபடி படுக்கையில ஒண்ணுக்கு போக ஆரம்பிச்சிடுச்சு. இவங்களுக்கு பிப்ரவரியில இருந்து தூக்கம் இல்ல, கண்ண மூடினா பயங்கர கனவு, காரணமே இல்லாம நெஞ்சு படபடப்பு. ஊருக்கு வந்தும் அது நிக்கல. 'அங்க தான் இருட்டு சக்தின்னு நெனச்சேன், இங்கயும் தொடருதே'ன்னு கேக்கறாங்க.

தாங்குற வீடுகளுக்கு மாசாமாசம் ஜெபக்குறிப்பு லெட்டர் எழுதுறது இவங்க பொறுப்பு. 'அதுல எழுதுனது எல்லாம் நடந்தது தான் மேடம், ஆனா நடந்தது எல்லாத்தையும் எழுதல'ன்னு ஒரு வரி இருக்கு, எட்டு பக்கத்துல அந்த வரி கிட்ட தான் நான் ரொம்ப நேரம் நின்னேன்.

வர்ற ஞாயித்துக்கிழமை ஆராதனையில சாட்சி, அதாவது இந்த ஒரு வருஷ அனுபவத்த சபை முன்னாடி நின்னு சொல்லணும். அவருக்கு கால் மணி நேரம், இவங்களுக்கு அஞ்சு நிமிஷம். உண்மைய சொன்னா தாங்குறவங்க நிறுத்திடுவாங்களா, ஒரு வருஷமா சந்தோஷமே வரலன்னா எனக்கு அழைப்பே இல்லன்னு தானே அர்த்தம், பையன மாமியார் கிட்ட விட்டுட்டு போலாமா, நான் திரும்பி போகலன்னா அது வீட்டுக்காரருக்கு பண்ற துரோகமா. இந்த நாலும் தான் கேள்வி.

இனி உங்க கிட்ட நேரா பேசுறேன்மா.

நான் சபைக்கு போறவ இல்ல, அத முதல்லயே சொல்லிடறேன். அழைப்பு உண்டா இல்லையாங்கறது என் கையில இருக்கற தராசுல நிறுக்கற விஷயம் இல்ல. ஆனா வேலூர்ல இத்தன காலமா கவுன்சிலிங் பண்றவளுக்கு ஊழியக்கார குடும்பங்க புதுசில்ல, வடநாட்டு பணித்தளத்துல இருந்து லீவுக்கு வர்றவங்க எத்தனையோ பேர் என் முன்னாடி உக்காந்து அழுதிருக்காங்க, அதுல முக்காவாசி பேர் ஊழியத்த வெறுத்து அழுதவங்க இல்ல. சந்தோஷமா இருக்கறதா காட்டிக்காட்டியே களைச்சு போனவங்க.

உங்க லெட்டர்ல எனக்கு முதல்ல பட்டது, எல்லா முடிவும் அந்த ஒரு ஞாயித்துக்கிழமைக்குள்ள வந்து மாட்டிக்கினு நிக்குது. சாட்சி சொல்றதுக்கு முன்னாடி பையன் எங்க படிப்பான்னு தெரியணும், நீங்க திரும்ப போவீங்களான்னு தெரியணும், கேட்டா சொல்லணுமே. எதுக்கு? 'இன்னும் பேசிக்கிட்டு இருக்கோம், ஜெபம் பண்ணுங்க'ன்னு சொன்னா உங்க சபையில அத விட மரியாதையான பதில் எது இருக்கு? சாட்சிய தனியா வைங்க, வீட்டு முடிவ தனியா வைங்க. ஆறு வாரம் இருக்கு உங்களுக்கு, அந்த ஞாயிறு அதுல ஒரு நாள் தான்.

இன்னொண்ணு. நீங்க சபைக்கு என்ன சொல்றதுன்னு கேக்கறீங்க, ஆனா நீங்க நாலு பேரும் ஒருத்தருக்கொருத்தர் இந்த வருஷத்த பத்தி என்ன சொல்லிக்கிட்டீங்கன்னு லெட்டர்ல எங்கயுமே இல்ல. ஜெபக்குறிப்பு போற எல்லா வீட்டுக்கும் மாசாமாசம் உங்க சேதி தெரியுது, உங்க கனவு உங்க வீட்டுக்காரருக்கு தெரியல. மத்தத விட எனக்கு இது தான் கவலை.

அந்த வாரத்துக்கு ஒரு மாத்திரை

ஆறாவது பக்கத்துல போற போக்குல ஒரு வரி எழுதியிருக்கீங்க, பொண்ணுக்கு மலேரியா வந்த பயத்துல நீங்களும் வாரத்துக்கு ஒண்ணுன்னு தடுப்பு மாத்திரை போட ஆரம்பிச்சீங்கன்னு. அது மெஃப்லோகுயின் தானா? மலாவி மாதிரி இடங்களுக்கு போறவங்களுக்கு வாராவாரம் குடுக்கற மாத்திரை பெரும்பாலும் அது தான், அட்டைய எடுத்து பாருங்க. அந்த மருந்துக்கு மோசமான கனவு, தூக்கமின்மை, படபடப்பு, காரணமில்லாத பயம் எல்லாம் தெரிஞ்ச பக்கவிளைவு. அமெரிக்காவோட மருந்து கட்டுப்பாட்டு அமைப்பு 2013ல இதுக்கு இருக்கறதுலயே கடுமையான எச்சரிக்கைய போட்டுச்சு. முக்கியமா, முன்னாடி டிப்ரஷன் வந்தவங்களுக்கு இத தடுப்பு மருந்தா குடுக்கவே கூடாதுன்னு இருக்கு. நீங்க ரெண்டாம் பக்கத்துல 'பொண்ணு பொறந்தப்போ ஆறு மாசம் டிப்ரஷன் மாத்திரை சாப்பிட்டேன், அது பழைய கதை'ன்னு எழுதியிருக்கீங்க. பழைய கதை இல்லம்மா, மாத்திரை எழுதுனவர் கேக்க வேண்டிய முதல் கேள்வி அது. கேட்டாரா?

ஜனவரியில மலேரியா, அப்புறம் மாத்திரை, பிப்ரவரியில கனவு. நீங்க நர்ஸ், வேற பேஷன்ட்டோட சார்ட்டா இருந்தா இந்த தேதிங்கள நீங்களே கோடு போட்டு காட்டியிருப்பீங்க. ஊருக்கு வந்தும் நிக்கலன்னு சொல்றதுக்கும் காரணம் இருக்கு. மலேரியா உள்ள இடத்த விட்டு வந்த பின்னாடியும் நாலு வாரம் அத போடணும், அதோட அது உடம்ப விட்டு போக வாரக்கணக்குல ஆகும். அதனால இங்க வந்து கனவு தொடர்றத வச்சு இருட்டு சக்தின்னு முடிவு கட்டாதீங்க. கட்டாயம் மாத்திரை தான் காரணம்னு நானும் சொல்ல வரல, நான் டாக்டர் இல்ல. நீங்களா நிறுத்தவும் வேணாம், ஆப்பிரிக்க மலேரியா விளையாட்டு இல்ல. இந்த வாரமே மருத்துவர பாத்து மாத்திரை பேரு, பழைய டிப்ரஷன், கனவு மூணையும் சேத்து சொல்லுங்க. டாக்ஸிசைக்ளின், அட்டோவாகுவோன்-புரோகுவானில்னு வேற மருந்து இருக்கு, எது பொருந்தும்னு அவங்க சொல்வாங்க. சாகணும்ங்கற மாதிரி நெனப்பு எப்பவாவது வந்தா அப்பாயின்ட்மென்ட்டுக்கு காத்திருக்காதீங்க, அன்னைக்கே ஆஸ்பத்திரிக்கு போங்க.

அதே மூச்சுல இதையும் சொல்லிடறேன், ஊர்ல இருக்கும்போதோ அதுக்கப்புறமோ நாலு பேர்ல யாருக்கு ஜுரம் வந்தாலும் வைரல்னு வீட்டுல உக்காராம, 'மலாவியில இருந்து வந்திருக்கோம்'ங்கறத டாக்டர் கிட்ட முதல் வார்த்தையா சொல்லுங்க. ஊர் திரும்பி வாரங்கள் கழிச்சும் மலேரியா வரும். வேலூர்ல ஜுரம்னா டெங்கு, டைஃபாய்டுன்னு தான் முதல்ல யோசிப்பாங்க.

குழந்தைக்கும் அப்படித்தான். முதல்ல யூரின் டெஸ்ட், சுகர் பாத்துடுங்க. அது சரியா இருந்தா, பெரிய காய்ச்சல், ஆஸ்பத்திரி, ஊசி, அம்மாவோட முகத்துல பயம், இதெல்லாம் பாத்த ஆறு வயசு குழந்தை கொஞ்ச நாள் சின்ன குழந்தையா மாறுறது நடக்கறது தான். திட்டாதீங்க, மத்தவங்க முன்னாடி சொல்லாதீங்க, பாயில ரப்பர் ஷீட் போட்டுட்டு பேச்ச விட்டுடுங்க. ஜெபக்குறிப்புல அத போட்டுடாதீங்க, தயவு செஞ்சு.

சந்தோஷம் வரலன்னா அழைப்பு இல்லையா

உங்களுக்கு போறதுக்கு முன்னாடி குடுத்த ட்ரெயினிங்ல சொன்னாங்களாம், முதல் சில மாசம் தேனிலவு மாதிரி இருக்கும், அப்புறம் ஒரு பள்ளம், அப்புறம் ஏறிடும்னு. உங்களுக்கு தேனிலவே வரல, அதனால ஆரம்பத்துலயே தப்புன்னு நெனக்கறீங்க. அந்த தேனிலவு கணக்கு கலெர்வோ ஓபெர்க்னு ஒரு மானிடவியல் ஆய்வாளர் 1960ல எழுதுனது, ரொம்ப பிரபலம், எல்லா ட்ரெயினிங்லயும் போர்டுல அந்த வளைவ வரைவாங்க. ஆனா அது எல்லாருக்கும் பொருந்தாது. நியூசிலாந்துக்கு படிக்க போன ஜப்பான் மாணவர்கள பின்தொடர்ந்து கொலீன் வார்டும் அவரோட கூட்டாளிகளும் 1998ல ஒரு ஆய்வு வெளியிட்டாங்க, அதுல ரொம்ப கஷ்டமான காலம் போய் இறங்குன ஆரம்பம் தான்னு வந்துச்சு. எனக்கு தெரிஞ்ச வரைக்கும் கூட, வேலையோட போற ஆளுக்கு தேனிலவு கிடைக்கும், வேலைய விட்டுட்டு கூட போற ஆளுக்கு கிடைக்காது. அவருக்கு ஒரு பதவி, ஒரு நாற்காலி, காலையில போக ஒரு இடம். உங்களுக்கு 12 வருஷ யூனிஃபார்ம் போச்சு, சம்பளம் போச்சு, பேசுற பாஷை போச்சு, 'சிஸ்டர்'னு கூப்பிட ஆள் போச்சு. சேவா மனப்பான்மை இருந்தா இதெல்லாம் வலிக்காதுன்னு யார் சொன்னாங்க?

உங்க வீட்டுக்காரர் அடிக்கடி, வேலூர் மிஷன் ஆஸ்பத்திரிய ஆரம்பிச்ச ஐடா ஸ்கடர் அம்மா கதைய சொல்வாராம். நல்ல கதை தான், முழுசா சொல்லணும். ராணிப்பேட்டையில 1870ல பொறந்தவங்க. தாத்தா, அப்பா எல்லாரும் மிஷனரி. அந்த பொண்ணுக்கு இந்தியாவே வேணாம், அமெரிக்காவுல படிச்சு, கல்யாணம் பண்ணி அங்கயே இருக்கணும்னு தான் ஆசை. 1890ல திண்டிவனம் வந்ததும் அழைப்புல இல்ல, அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னு. அங்க ஒரே ராத்திரியில மூணு பேர் வந்து பிரசவத்துல தவிக்கற மனைவிய பாக்க வாங்கன்னு கூப்பிட்டதும், ஆம்பள டாக்டர் வேணாம்னு அந்த மூணு பேரும் சொல்லி அந்த மூணு பொண்ணுங்களும் செத்துப்போனதும் வேலூர்ல சின்ன புள்ளைக்கும் தெரியும். அதுக்கப்புறம் என்ன பண்ணாங்க? அங்கயே உக்காந்து கஷ்டப்படல. திரும்பி போய் படிச்சாங்க, 1899ல டாக்டர் படிப்பு முடிச்சு 1900ல தான் வேலூருக்கு வந்தாங்க. நடுவுல ஊர் திரும்புன வருஷங்கள யாரும் ஊழியத்த விட்டுட்டு ஓடுன வருஷம்னு எழுதல. இத அவர் கிட்ட சொல்லுங்க, சண்டைக்கு இல்ல, சும்மா பேச்சுவாக்குல.

பையன்

மாமியார் 'இன்னாத்துக்கு அந்த காட்டுல வச்சிக்கினு கஷ்டப்படுத்தறீங்க, புள்ளைய இங்கயே வுட்டுட்டு போங்க, நான் பாத்துக்கறேன்'னு சொல்றாங்க. பாசம் தான், சந்தேகமில்ல. வீட்டுக்காரர் அதுக்கு மேல ஒரு உதாரணம் வச்சிருக்கார், பால் பிராண்டோட அப்பா அம்மா பிள்ளைங்கள இங்கிலாந்துக்கு அனுப்பிட்டு தானே கொல்லிமலையில ஊழியம் பண்ணாங்க, அந்த பையன் தானே பின்னாடி வேலூர் வந்து தொழுநோயாளிங்க கைய சரி பண்ணார்னு.

ஆமா, அப்படித்தான். 1914ல கொல்லிமலையில பொறந்த பையன், 9 வயசுல 1923ல படிக்க இங்கிலாந்துக்கு அனுப்பிட்டாங்க. 1929ல அப்பா கொல்லிமலையிலயே காய்ச்சல்ல செத்துப்போனார், பையனுக்கு அப்ப 15 வயசு ஆகப்போகுது, நடுவுல அப்பாவ பாக்கவே இல்ல. 1946ல அவர் வேலூர் வந்தார்ங்கறதால அந்த ஆறு வருஷம் ஒண்ணுமில்லன்னு ஆயிடுமா? அப்ப கப்பல்ல வாரக்கணக்குல போகணும், மலை மேல பள்ளிக்கூடம் இல்ல, அவங்களுக்கு வேற வழி தெரியல. உங்களுக்கு வழி இருக்கு. அவங்க பட்ட வேதனைய நீங்க பக்தியா திருப்பி செய்யணும்னு எந்த கட்டாயமும் இல்ல.

ஆனா நீங்களும் ஒண்ணு கவனிக்கணும். எட்டு பக்கத்துல பையனுக்காக நாலு இடத்துல அழுதிருக்கீங்க, பையன் என்ன சொன்னான்னு ஒரு வரி இல்ல. அவன பத்தி வர்றது மூணு தகவல் தான். அந்த ஊர் பசங்களோட சாயங்காலம் பந்து விளையாடுறான், உங்க நாலு பேர்ல அவன் தான் சிச்சேவா பாஷை நல்லா பேசுறான், சந்தையில உங்களுக்கு அவன் தான் பேரம் பேசுறான். இது கஷ்டப்படுற பிள்ளை மாதிரி எனக்கு தெரியல, படிப்பு பின்தங்குற பிள்ளை மாதிரி தான் தெரியுது, அது வேற பிரச்சனை. ஒருவேளை உள்ளுக்குள்ள அவனுக்கும் இருக்கலாம். கேளுங்க. 'எங்க இருக்க விரும்புற'ன்னு கேக்காதீங்க, 13 வயசு பையன் தலையில குடும்ப முடிவ தூக்கி வைக்கற கேள்வி அது. இந்த வருஷத்துல உனக்கு எது போனது கஷ்டமா இருந்துச்சு, எத விட்டுட்டு வர மனசு வரலன்னு கேளுங்க, வீட்டுக்காரர கூட வச்சிக்கிட்டு.

படிப்பு பக்கம் நடைமுறையில தெரிஞ்சுக்க வேண்டியது கொஞ்சம் இருக்கு. இங்க சேக்கறதா இருந்தா, கட்டாய கல்வி உரிமை சட்டம் 2009 படி எட்டாவது வரைக்கும் வயசுக்கு ஏத்த வகுப்புல சேக்கணும், டிசி வர லேட்டாகுதுன்னு திருப்பி அனுப்பக்கூடாது. ஆனா சிறுபான்மை பள்ளிக்கூடத்துக்கு இந்த சட்டம் பொருந்தாதுன்னு சுப்ரீம் கோர்ட் 2014ல சொல்லிடுச்சு, நீங்க நெனச்சிருக்கற மிஷன் ஸ்கூல் அந்த கணக்குல வரலாம், ஒன்பதாவதுக்கு போய்ட்டா எங்கயுமே இந்த உரிமை கிடையாது. ஸ்டேட் போர்டுன்னா பத்தாவதுல தமிழ் பரீட்சை எழுதியாகணும், ஒரு வருஷமா அவன் தமிழ் புக்க தொடவே இல்லன்னு எழுதியிருக்கீங்க. அங்கயே வச்சிக்கறதா இருந்தா கேம்பிரிட்ஜ் பாடத்திட்டம் ஒரு வழி, அத இந்திய பல்கலைக்கழகங்களின் சங்கம் இங்கத்த பத்தாவது பன்னிரண்டாவதுக்கு சமமா ஏத்துக்குது, ஆனா எந்தெந்த பாடம், எத்தன பாடம்னு நிபந்தனை இருக்கு, ஃபீஸும் நம்ம கைக்கு எட்டுற மாதிரி இருக்காது. இன்னொரு வழி தேசிய திறந்தநிலை பள்ளி, 14 வயசு ஆனா பத்தாவதுக்கு பதிவு பண்ணலாம், பரீட்சைய எந்த ஊர்ல வந்து எழுதணும்னு முதல்ல விசாரிச்சுக்கங்க.

என் அபிப்பிராயம் கேட்டா, பாட்டி வீட்டுல விடுறத விட, மொத்த குடும்பமும் ஒரு வருஷம் இங்க இருந்துட்டு போறது மேல். பாட்டிக்கு 70 தாண்டிடுச்சு, பிரஷர் இருக்கு, மாவு அரைக்கவே ஆள் வைக்கணும்னு நீங்களே எழுதியிருக்கீங்க. பதிமூணு பதினாலுல ஒரு பையனுக்கு வர்ற எல்லாத்துக்கும் அவங்களால ஈடு குடுக்க முடியாது. நீங்க அங்க ராத்திரி எட்டு மணிக்கு வேலைய முடிச்சிட்டு ஃபோன் எடுத்தா இங்க பதினொன்றரை, அவன் தூங்கியிருப்பான், இல்லன்னா தூங்காம எதயோ பாத்துக்கினு இருப்பான். ரெண்டுமே நல்லதில்ல.

சம்பளம் இல்லன்னாலும் நர்ஸ் நர்ஸ் தான்

இது நீங்க கேக்காத விஷயம், ஆனா விட முடியல. பிரசவ வார்டுல வாலண்டியரா பாக்கறேன், சம்பளம் வாங்கல, அதனால பர்மிட் தேவையில்லன்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்கன்னு எழுதியிருக்கீங்க. காசு வாங்கலன்னா லைசென்ஸ் வேணாம்னு ஆயிடாது. மலாவியில நர்ஸ், மிட்வைஃப் வேலைக்கு தனி கவுன்சில் இருக்கு, பதிவு வேணும். வெளிநாட்டுக்காரங்க வேலை செய்ய தற்காலிக பர்மிட்டும் வேணும், வாலண்டியருக்கு என்ன விதின்னு அங்க ஒரு வக்கீல் கிட்ட எழுத்துல வாங்கிக்கங்க. நாளைக்கு ஒரு தாய்க்கு ரத்தப்போக்கு வந்து ஏதாவது ஆச்சுன்னா 'நல்ல மனசோட தான் பண்ணாங்க'ன்னு யாரும் கையெழுத்து போட வரமாட்டாங்க. பதிவு வாங்கித்தர்றது உங்கள அனுப்புனவங்க பொறுப்பு, அத லீவுல இருக்கும்போதே எழுத்துல கேளுங்க, வாட்ஸ்அப்ல இல்ல, மெயில்ல. அதே மெயில்ல மத்ததையும் கேட்டுடுங்க. ஒப்பந்தத்துல உங்க பேரு இருக்கா? படிப்பு செலவு யாருது? பெரிய வியாதின்னா வெளிய தூக்கிட்டு போக இன்சூரன்ஸ் இருக்கா? நடுவுல நீங்களும் பிள்ளைங்களும் மட்டும் திரும்பணும்னா டிக்கெட் யார் போடுவாங்க? இதெல்லாம் விசுவாசக் குறைவு ஆகாது. இங்க உங்க கவுன்சில் பதிவு ரினீவல் தேதியையும் ஒருதடவ பாத்துடுங்க, பழைய ஆஸ்பத்திரியில அனுபவ சான்றிதழ் வாங்கலன்னா இப்ப வாங்குங்க.

பதிவு கிடைச்சு முறையா வேலை செய்ய ஆரம்பிச்சா உங்க பாதி பாரம் அதுலயே எறங்கும்னு எனக்கு தோணுது.

அந்த அஞ்சு நிமிஷம்

இப்ப சாட்சி. உண்மைய சொன்னா காணிக்கை நின்னுடுமான்னு கேக்கறீங்க. ரெண்டு மூணு வீடு நிக்கலாம், இல்லன்னு நான் ஏன் பொய் சொல்லணும். ஆனா உண்மைன்னா எல்லாத்தையும் மைக்ல கொட்டணும்னு நீங்க எடுத்துக்கிட்டீங்க, அது தேவையில்ல. மைக்ல சொல்றது ஒண்ணு, உங்கள நெருக்கமா தாங்குற நாலஞ்சு வீட்டுல உக்காந்து சொல்றது ஒண்ணு, தனியா ஒரு ஆள் கிட்ட சொல்றது ஒண்ணு. கனவு, படபடப்பு, வீட்டுக்காரர் மேல இருக்கற கோவம், இது மூணாவது. பையன் படிப்பு, பர்மிட் பிரச்சனை, இது ரெண்டாவது, அவங்கள்ல யாராவது ஸ்கூல் ஹெட்மாஸ்டரா கூட இருப்பாங்க. மைக்ல சொல்ல வேண்டியது பொய் இல்லாம இருந்தா போதும். காசு குடுத்தவங்களுக்கு காசு என்னாச்சுன்னு கணக்கு கேக்க உரிமை உண்டு, அத பைசா சுத்தமா குடுத்துடுங்க. நீங்க எவ்ளோ சந்தோஷமா இருந்தீங்கன்னு கணக்கு கேக்க யாருக்கும் உரிமை இல்ல.

உங்களுக்காக ஒரு மாதிரி எழுதி பாத்தேன், உங்க வார்த்தையில மாத்திக்கங்க. 'இந்த வருஷம் எனக்கு கஷ்டமான வருஷம். வேலைய விட்டுட்டு போனது நான் நெனச்சத விட வலிச்சுது. பொண்ணுக்கு மலேரியா வந்தப்போ பக்கத்து வீட்டு அம்மாங்க ரெண்டு பேர் ராத்திரி பூரா எங்க வீட்டு தரையில உக்காந்திருந்தாங்க, எனக்கு அவங்க பாஷை தெரியாது, காலையில ந்சீமா கிளறி குடுத்துட்டு தான் போனாங்க. ஊழியம் செய்ய போன எனக்கு அவங்க தான் ஊழியம் செஞ்சாங்க. அடுத்து என்னன்னு குடும்பமா இன்னும் பேசிக்கிட்டு இருக்கோம்.' அவ்ளோ தான், ரெண்டு நிமிஷம் கூட ஆகாது. ந்சீமான்னா என்னன்னு கேட்டா மக்காச்சோள மாவு களின்னு சொல்லுங்க, கேழ்வரகு களி கிளறுற ஊர்ல வேற விளக்கம் வேணாம். அந்த அம்மாங்க கதை உங்க லெட்டர்ல ஏழாம் பக்கத்துல ஓரமா இருந்துச்சு, ஒரு ஜெபக்குறிப்புலயும் அது வரலன்னு நெனக்கறேன், ஏன்னா அதுல நீங்க வாங்குற இடத்துல இருக்கீங்க.

இத சொல்லும்போது ஃபோட்டோ விஷயமும் வருது. ஒட்டிப்போன வயிறோட இருக்கற குழந்தைங்க படத்த லெட்டர்ல போட்டா காணிக்கை கூடுது, ஆனா போட்ட அன்னைக்கு அந்த தாய்ங்க முகத்த பாக்க முடியலன்னு எழுதியிருக்கீங்க. உங்களுக்கே பதில் தெரிஞ்சிருக்கு. வேலூர் ஆஸ்பத்திரியில ஒரு பேஷன்ட்ட சம்மதம் கேக்காம ஃபோட்டோ எடுத்து வெளிய அனுப்பியிருப்பீங்களா? நூறு வருஷத்துக்கு முன்னாடி நம்ம ஆற்காடு மிஷன்ல இருந்து அமெரிக்கா சபைகளுக்கு லெட்டர் போயிட்டு தான் இருந்துச்சு, பஞ்சம், நோய், அறியாமைன்னு. நம்ம கொள்ளுப்பாட்டிங்க தான் அந்த லெட்டர்ல இருந்த பரிதாபமான ஜனங்க. அவங்களுக்கும் பேரு இருந்துச்சு, நல்ல நாள் இருந்துச்சு, ஜோக்கு அடிப்பாங்க. அடுத்த லெட்டர் எழுதும்போது இத கொஞ்சம் நெனச்சுக்கங்க.

மேடையில கஷ்டம்னு சொன்னா தேவனுக்கு மகிமை கொறஞ்சிடுமேன்னு ஒரு பயம் தெரியுது உங்க எழுத்துல. என் கிட்ட வர்ற ஊழியக்காரங்க சொல்லித்தான் எனக்கு தெரியும், உங்க வேதத்துலயே 88ஆம் சங்கீதம் ஆறுதலே இல்லாம இருட்டுல போய் முடியுதாம். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடிக்கு கீழ படுத்து சாகணும்னு கேட்டப்போ தூதன் பிரசங்கம் பண்ணல, சாப்பாடு குடுத்து தூங்க விட்டானாம். இத எனக்கு சொன்னவர் ஒரு போதகர். உங்க போதகர் கிட்டயும் ஞாயித்துக்கிழமைக்கு முன்னாடி ஒருதடவ பேசிட்டா மேடையில கை நடுங்காது.

திரும்பி போகலன்னா

துரோகமான்னு கேட்டீங்க. இல்ல. ரெண்டு வருஷம் ஜெபம் பண்ணீங்க, பேசுனீங்க, அழுதீங்கன்னு எழுதுன உங்களுக்கு, அப்ப மனசார சரின்னு சொன்னீங்களா, வேற வழியில்லாம சரின்னு சொன்னீங்களான்னு இன்னும் தெரியல, அந்த குழப்பம் தான் துரோகம்ங்கற வார்த்தையா வருது. அத இப்ப முடிவு பண்ண வேணாம். ஆறு மாசம் தூக்கம் கெட்ட ஆள் எடுக்கற முடிவு எனக்கு நம்பிக்கை இல்ல, அது போறதா இருந்தாலும் சரி, நிக்கறதா இருந்தாலும் சரி. முதல்ல மருத்துவர், அப்புறம் தூக்கம், அப்புறம் தான் மலாவி. தேவப்பட்டா அவர் முன்னாடி போகட்டும், நீங்களும் பிள்ளைங்களும் ரெண்டு மூணு மாசம் கழிச்சு போலாம். அத ஒரு தேதியோட முடிவு பண்ணுங்க, 'பாப்போம்'னு தொங்க விட்டா அது பிரிஞ்சு வாழறதா மாறிடும், நான் பாத்திருக்கேன்.

அவர பத்தி ஒரு வார்த்தை. உங்க லெட்டர்ல அவர் கெட்டவர் இல்ல, கவனிக்காதவர். வேலை கிடைச்ச சந்தோஷத்துல இருக்கற மனுஷன் பக்கத்துல இருக்கறவங்க முகத்த பாக்க மாட்டாங்க, மிஷனரின்னு இல்ல, யாரா இருந்தாலும். நீங்களும் மறைச்சிருக்கீங்க, அவர் ஊழியத்துக்கு தடையா இருக்கக்கூடாதுன்னு. மறைச்சத அவரா கண்டுபிடிக்கலன்னு கோவப்படுறீங்க.

இந்த பதில அவர் கிட்ட காட்டலாமான்னு கேட்டிருந்தீங்க. காட்டுங்க, ஆனா சனிக்கிழமை ராத்திரி வேணாம், அப்ப அவர் மறுநாள் பேசறத தயார் பண்ற டென்ஷன்ல இருப்பார். வியாழன் இல்லன்னா வெள்ளி, பிள்ளைங்க தூங்குன அப்புறம். முதல்ல மாத்திரை பகுதிய மட்டும் படிக்க குடுங்க. லேப்காரர், அது அவருக்கு சட்டுனு புரியும்.